கட்டிலுக்கு எதிரே ஆகாயத்தாமரை

ஜூன் 9, திங்கள்

டாக்டர் இன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாசலை மறைத்துக் கிடக்கிறது. பிரசவம் வரை தேன்மொழி படுக்கையிலேயே இருக்க வேண்டும். கழிவறைக்கு மட்டும் எழுந்து போகலாம். நடக்கக் கூடாது, குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. இது இருபத்து நான்காம் வாரம். இன்னும் பத்து வாரமாவது உள்ளே தங்கினால்தான் குழந்தை பிழைப்பதைப் பற்றித் தைரியமாகப் பேசலாமாம். ரத்தம் பட்டால் உடனே கொண்டுவந்துவிட வேண்டும்.

என் மகன் நிர்மல் கப்பலில் இருக்கிறான். செப்டம்பருக்கு முன் அவனால் இறங்க முடியாது. தேன்மொழிக்குத் தாய் இல்லை. அவளுடைய அப்பா எத்திராஜ் கொளத்தூரில் வண்ண மீன் வளர்த்து விற்பவர்; வீடு முழுக்க சிமென்ட் தொட்டிகளும் ஈரமும்தான் என்று கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை. ஆகவே மருமகள் பெரம்பூருக்கு, என் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது.

முன்னறையைக் காலி செய்து கட்டில் போட்டேன். விரிப்பின் நான்கு மூலைகளையும் கான்வென்டில் கற்றுக்கொடுத்தபடி மடித்துச் செருகினேன். அவள் படுத்துப் பார்த்துவிட்டு, "லெட்டரைக் கவருக்குள்ள வெச்ச மாதிரி இருக்கு அத்தை" என்றாள்.

மதர் பெர்த்தா தினமும் படுக்கும் முன் மூன்று நன்றி எழுதச் சொல்வார். பள்ளியை விட்ட பிறகும் நான் அதை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்று தேடினால் பொய் கலந்துவிடுகிறது. இன்றைய நன்றி: மின்சாரம் போகவில்லை.

ஜூன் 11, புதன்

உட்கார்ந்து தலை வாரினாள். படுத்துக்கொண்டே வாரலாம் என்றேன். "நீங்க ஒரு தடவை வாரிக் காட்டுங்க" என்றாள். நானே வாரிவிட்டேன். நல்ல அடர்த்தியான முடி. நன்றி: சிக்கு அதிகம் இல்லை.

ஜூன் 14, சனி

எத்திராஜ் ஒரு குட்டியானை வண்டியில் இரண்டடி கண்ணாடித் தொட்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். என்னிடம் முன்கூட்டியே கேட்கவில்லை. நடு வீட்டில் நின்று, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே, பெண்ணுக்கு எதிரே எங்கே வைக்கலாம் என்று சுவரைப் பார்த்தார். கொசு வரும் என்றேன். கொசுப் புழுவை மீன் தின்றுவிடும் என்றார். மோட்டார் சத்தம் போடும் என்றேன். மோட்டாரே கிடையாது என்றார். எனக்குச் சொல்ல வேறு குறை கிடைக்கவில்லை.

தொட்டியை வைத்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "இவங்கம்மா இருந்தா பலகாரம் செஞ்சி எடுத்தாந்திருப்பா, சம்பந்தியம்மா. எனக்குத் தெரிஞ்சது இதான்" என்றார்.

அதன் பிறகு நான் எப்படி மறுப்பது? காபி கொடுத்தேன்.

கப்பி மீன்கள், ஆண் நான்கு, பெண் ஆறு. அவற்றில் இரண்டு சினையாக இருப்பதாகத் தேன்மொழி படுக்கையிலிருந்தே சொன்னாள். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஆகாயத்தாமரையும் இருந்தது. எத்திராஜ் அதைப் பிஸ்டியா என்கிறார். அவர்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வார்களாம். மேலே பார்த்தால் பச்சை ரோஜாப்பூ. இலை வெல்வெட் போல இருக்கிறது. தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது. மண் வேண்டாம், உரம் வேண்டாம், தானே மிதக்கிறது. கீழேதான் அலங்கோலம். கறுத்த வேர்கள் குளித்துவிட்டுத் துவட்டாத தலைமுடி மாதிரி தொங்குகின்றன. அவற்றில் ஏதோ பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதைப் பற்றிக் கேட்டதற்கு, "சும்மா உட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எதையும் சும்மா விடுவது எனக்குப் பழக்கமில்லை.

நன்றி: தொட்டி வந்த பிறகு அவள் ஒரு மணி நேரம் கூரையைப் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தேன்மொழி மதியம் தூங்கினாள். அந்த நேரத்தில் செடிகளைச் சுத்தம் செய்தேன்.

கீரை ஆய்வது போலத்தான் செய்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, வேரைக் கத்தரிக்கோலால் ஒரே அளவாக நறுக்கிவிட்டு, மஞ்சளும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, குழாயில் அலசி, மறுபடி மிதக்கவிட்டேன். பாதிச் செடிகள் ஒருக்களித்து மிதந்தன. ஆனால் தொட்டி பளிச்சென்று இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

அவள் விழித்துத் தொட்டியை நெடுநேரம் பார்த்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். கடைசியில், "அத்தை, கூட்டா பொரியலா?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சிரிக்கவில்லை.

நன்றி: இந்த வீட்டில் ஒரு கத்தரிக்கோலாவது கூர்மையாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இலைகள் மஞ்சளாகி, ஓரங்கள் கண்ணாடி போல ஊறிப்போயின. தொட்டால் கூழாகக் கையோடு வருகின்றன.

காலையில் சமையலறையில் இருந்தபோது தேன்மொழி கூப்பிட்டாள். அப்படி அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சினையாக இருந்த மீன்களில் ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது. கடுகுக்கு இரண்டு கண் வைத்தது போன்ற குஞ்சுகள். ஒவ்வொன்றாக விழுந்து, விழுந்ததும் எங்காவது ஒளிய ஓடின. ஒளிய இடம் இல்லை. பெரிய மீன்கள் வரிசையில் நிற்பது போல நின்று தின்றன. பெற்ற மீனும் திரும்பித் தின்றது.

"வேர் இருந்தா அதுக்குள்ள போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்துவிட்டாள். படுக்கச் சொல்லிக் கத்தினேன். இந்தத் தெருவில் என் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். டீ வடிகட்டியை எடுத்துவந்து என்னால் முடிந்ததை மொண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டேன். ஐந்தோ ஆறோ தேறியது. சேலைத் தலைப்போடு கையும் முழங்கை வரை நனைந்துவிட்டது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் அசைந்தது. மீனுக்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

ஜூன் 21, சனி

ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரி.

ஜூன் 23, திங்கள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லேசான கசிவுதான், நின்றுவிட்டது, குழந்தையின் துடிப்பு சீராக இருக்கிறது. முந்தைய நாள் அதிர்ச்சி ஏதாவது காரணமாக இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். நஞ்சு இருக்கும் இடம்தான் காரணம், யார் என்ன செய்தாலும் இது வரக்கூடியதுதான் என்றார். மருந்துச் சீட்டை வாங்கும்போது இன்னொரு முறை கேட்டேன். வெளியே வந்த பிறகு திரும்பிப் போய் மறுபடியும் கேட்டேன். அவர் பொறுமையானவர்.

என் நாற்காலியைத் தேன்மொழியின் அறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

நன்றி: அந்த டாக்டரின் பொறுமை.

ஜூன் 24, செவ்வாய்

எத்திராஜ் புதிய செடிகளோடு வந்தார். மகள் சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், அவள் சொல்லியிருக்கவில்லை. செடி அழுகிவிட்டது, வேறு கொண்டு வா என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஆகவே நானே சொன்னேன். வேரை வெட்டினேன், உப்பில் போட்டேன், குஞ்சுகள் அதனால்தான் போயின.

மனிதர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். "கீரைக்குச் செய்றதைத்தானே செஞ்சீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு புதிய செடி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். வேரில் ஒட்டியிருக்கும் பழுப்புத்தான் குஞ்சுகளின் முதல் சாப்பாடாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் இருக்கின்றன. மீன் போடும் கழிவை இந்த வேர் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் மோட்டார் இல்லாமலே தண்ணீர் கெடாமல் நிற்கிறது. மேலே இலை வெயிலை மறைக்கிறது. அதனால் பாசி ஏறுவதில்லை.

எல்லாம் சரி. ஆனால் தொட்டியின் மேல் கண்ணாடி மூடியை இறுக்கமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

நான் நினைத்தது சரிதான். மூடியில் ஆவி கோத்து, சொட்டுச் சொட்டாக இலைக்குருத்தில் விழுகிறது. விழும் இடத்தில் பழுப்புப் புள்ளி. இந்தச் செடிக்குக் கால் நனையலாம், தலை நனையக் கூடாது. மூடியின் நான்கு மூலையிலும் துணிக் கிளிப் வைத்து ஒரு விரல் இடைவெளி விட்டேன். எத்திராஜிடம் போனில் சொன்னேன். ஊரில் எல்லாருக்கும் தான் சொல்லுவதை மகள் விஷயத்தில் மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அன்று அவசரத்தில் வைத்தாராம்.

நன்றி: ஒப்புக்கொள்ளும் ஆண்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

செடிகள் குட்டி போடுகின்றன. தாய்ச் செடியின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு தண்டு கிளம்பி, நீரில் படுத்தபடியே நீண்டு, நுனியில் ஒரு சின்ன ரோஜா. அதற்கும் நூல் போல வேர். பார்க்க நேர்த்தியாக இல்லாததால் பிரித்து வரிசையாக விட நினைத்தேன். அதற்கென்று வேர் நன்றாக இறங்கும் வரை தண்டை வெட்டக் கூடாது என்று தேன்மொழி தடுத்தாள். அதைச் சொல்லும்போது தன் வயிற்றைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உவமை எல்லாம் வேண்டாம்" என்றேன்.

வாயை மூடிக்கொண்டாள். பிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது. என் கணவர் இருந்தபோதே குறைவுதான்.

ஜூலை 10, வியாழன்

முக்கால் தொட்டி மூடிவிட்டது. கீழே இருட்டில் மீன் தெரியவில்லை. பாதியை அள்ளி, தெருமுனைக் கால்வாயில் போட்டுவரக் கிளம்பினேன். தேன்மொழி கையைப் பிடித்துக்கொண்டாள். கால்வாயில் விட்டால் அது ஏரி வரை போய், ஒரே மழைக்காலத்தில் தண்ணீரையே மூடிவிடும். அடியில் காற்று இல்லாமல் மீன் எல்லாம் செத்து மிதக்கும். சின்ன வயதில் வீட்டருகே ஒரு குளத்தில் அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறாளாம். தொட்டியில் வளர்வதைத் தொட்டிக்கு வெளியே விடக் கூடாது என்பது அவர்கள் வீட்டில் சட்டம்.

சட்டம் என்றால் எனக்கு மரியாதை உண்டு. மொட்டை மாடியில் நியூஸ்பேப்பர் விரித்து வெயிலில் காயப்போட்டேன். பக்கத்து மாடியிலிருந்து திருமதி டிக்ரூஸ் எட்டிப் பார்த்து, என்ன வற்றல் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் சருகாகிவிட்டது. முருங்கைக்கு அடியில் போட்டேன்.

நன்றி: வெயில். இதை ஜூலையில் எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

ஜூலை 16, புதன்

எத்திராஜ் வளைகாப்பைப் பற்றி இழுத்து இழுத்துப் பேசினார். ஏழாம் மாதம் முடிவதற்குள் செய்ய வேண்டுமாம். டாக்டர் கூட்டம் கூடாது என்றிருக்கிறார் என்றேன். கூட்டம் வேண்டாம், என் தங்கச்சி ஒருத்தி மட்டும் என்றார். எங்கள் வீட்டில் வளைகாப்பு வழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரலாம், ஐந்துக்கு முடித்துவிட வேண்டும் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து பாயசம் வைத்தேன். எத்திராஜின் தங்கை வசந்தா கண்ணாடி வளையல்களும் சந்தனமும் பூவும் கொண்டுவந்தார். படுத்தபடியே இருந்தாள் தேன்மொழி. தலையணையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினேன்.

கணவன் இல்லாதவர்கள் வளைகாப்பில் வளையல் போட்டுவிடுவதில்லை என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வைப்பதற்கு முன்னால் நானே சமையலறைக்குப் போய்விட்டேன். பாயசம் அடிபிடித்துவிடும் போல இருந்தது. மனைவி இல்லாத எத்திராஜ் அறைக்குள்ளேயேதான் நின்றிருந்தார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

சிறிது நேரத்தில் வசந்தா சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "அவ கையைப் போர்வைக்குள்ள வெச்சிக்கினு எடுக்க மாட்டேங்கிறா. எங்க பெரம்பூர் அத்தை மொதல்ல போடட்டும்னு அடம் புடிக்கிறா. நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். அடம் பிடிப்பது நல்ல பழக்கமில்லை என்று சொல்லத்தான் போனேன். அவள் போர்வையை விலக்கி இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். பச்சை வளையல் ஒன்றை எடுத்தேன். மணிக்கட்டு வீங்கியிருந்ததால் ஏறவில்லை. சோப்புத் தடவி ஏற்றினேன். அடுத்தது வசந்தா போட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். எத்திராஜ் தொட்டியில் ஏதோ சரிசெய்வது போலத் திரும்பி நின்றுகொண்டார்.

ஐந்துக்கு முடியவில்லை. ஆறரை ஆனது. நடுவில் நான் மணி பார்க்கவில்லை.

நன்றி என்று ஒன்றைத் தனியே எழுத இன்று இடமில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் தப்பியவற்றைப் பெரிய தொட்டியில் விட்டோம். வேருக்குள் பாய்ந்து மறைந்தன. சற்று நேரம் கழித்து, திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போல ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டாவது சினை மீனும் சில நாள் முன்பே குட்டி போட்டிருக்க வேண்டும். வேருக்குள் இன்னும் சின்னதாக நிறையத் தெரிகின்றன. நாங்கள் யாரும் பார்க்காமலே நடந்து முடிந்திருக்கிறது.

தேன்மொழி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் சொல்வது போல, "இதுவும் தங்காதோன்னு பயமா இருக்கு அத்தை" என்றாள்.

இதுவும் என்றால்?

போன வருடம் மூன்றாம் மாதத்தில் ஒன்று போயிருக்கிறது. நிர்மல் அப்போதும் கடலில். எத்திராஜும் வசந்தாவும்தான் அவளைப் பார்த்துக்கொண்டார்களாம். என்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். பிறகு நான் சொன்னேன், நிர்மலுக்கு முன்னால் எனக்கும் இரண்டு தங்கவில்லை என்று. அவனுக்கே இது தெரியாது. அவள் என் கையைப் பிடித்தாள். எண்ணெய்க் கை, விடு என்றேன். விடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

முப்பத்து இரண்டு வாரம். டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். ஒவ்வொரு நாளும் லாபம் என்றார்.

நன்றி: இன்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நாளை எனக்கே நம்பிக்கை வராது.

காலை ஏழு மணிக்கு அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். விரிப்பு முழுக்க ரத்தம். வலி ஒன்றும் இல்லை என்று அவள் மெல்லிய குரலில் சொன்னது அதைவிடப் பயமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. வழியெல்லாம் மாதா ஜெபத்தைச் சொல்ல முயன்றேன். தினமும் சொல்வது, நடுவில் மறந்துபோனது. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். தியேட்டர் கதவு வரை வளையல் என் விரலில் அழுந்தியது; அங்கே நர்ஸ் வளையல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து என்னிடம் கொடுத்தார்.

உடனே ஆபரேஷன். பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு. அழுததாம். எனக்குக் காட்டாமலே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தேன்மொழிக்கு ரத்தம் நிற்கவில்லை.

ரத்தம் வேண்டும் என்றார்கள். எத்திராஜ் வராந்தாவின் மூலையில் நின்று யார் யாருக்கோ போன் செய்தார். முக்கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். தீனி விற்பவர், கண்ணாடி வெட்டுபவர், பிளாஸ்டிக் பையில் காற்றடித்து மீன் கட்டித் தருபவர், செடி வளர்ப்பவர். வேட்டியும் பேன்ட்டும் மடித்துக் கட்டியபடியே, சிலர் ஈரக் கையோடு. கொளத்தூரில் இன்று பல கடைகளுக்குக் கதவு பாதிதான் திறந்திருந்ததாம். அவர்களுக்கு என்னைத் தெரியாது. "எத்திராஜ் பொண்ணு எங்க பொண்ணும்மா" என்று ஒருவர் சொல்லிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பிற்பகலில் ரத்தம் நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

என் மருமகளின் உடம்பில் இப்போது நான்கு பேருடைய ரத்தம் ஓடுகிறது. அவர்கள் பெயரைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். என் ஜெபத்தில் அவர்களுக்கு இனி நிரந்தர இடம்.

ஆகஸ்ட் 13, புதன்

கண் திறந்தாள். குழந்தை எங்கே என்றாள். இருக்கிறாள் என்றேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று பூசைக்குப் போகவில்லை. நினைவு தெரிந்து இப்படித் தவறியதில்லை.

தேன்மொழி இன்னும் அந்தப் பிரிவில்தான். காய்ச்சல் விடவில்லை, அதனால் குழந்தையிடம் அழைத்து வர அனுமதிக்கவில்லை. குழந்தைக்கு மூச்சு சரியாகிவிட்டது. ஆனால் உடம்பில் சூடு தங்க மாட்டேன் என்கிறது, எடையும் ஏறவில்லை. காலையில் நர்ஸ் வந்து, யாராவது ஒருவர் குழந்தையை நெஞ்சின் மேல் வெறும் உடம்போடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும், தோலோடு தோல் பட வேண்டும், தினமும் பல மணி நேரம், அம்மா வரும் வரை வீட்டில் யார் செய்தாலும் சரி என்றார்.

நான் அந்த வார்த்தைகளை முழுதாகப் புரிந்துகொள்வதற்கு முன்பே எத்திராஜ் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஆண்களும் செய்யலாமாம். வார்டில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, எலும்பு தெரியும் மார்போடு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வாருங்கள் என்று எழுப்பி அனுப்பினேன். திரும்பி வந்து உட்கார்ந்தவரின் மேல் குழந்தையைத் தவளை போல ஒட்ட வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார் நர்ஸ். அவர் அசையவே இல்லை. இரண்டு மணி நேரம், மூக்கில் அரித்தாலும் சொறியாமல்.

பிறகு அவருக்குக் கால் மரத்துவிட்டது. நர்ஸ் என்னைப் பார்த்தார்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. டாக்டரைத் தவிர வேறு எவர் முன்னாலும் நான் மேல்துணி விலக்கியதில்லை. கான்வென்டில் எங்களைக் குளிக்கும்போதுகூட நீள அங்கி போடச் சொல்வார்கள். வார்டில் மறைப்புத் திரை இருந்தது, ஆனால் அது முழங்கால் அளவுக்குத்தான் தொங்கியது. எத்திராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஜாக்கெட் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நர்ஸ் உதவ வந்தார். நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

என் மேல் வைத்தார்கள். இரண்டு கிலோ அரிசி எடைகூட இல்லை. முதலில் சில்லென்று இருந்தாள். முகத்தை இடமும் வலமும் தேய்த்து ஏதோ தேடினாள். கிடைக்காது என்று தெரிந்ததும் அப்படியே கன்னத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறியது. என் மார்பின் மேல் இன்னோர் உயிரின் சூடு பட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நான்கு நாளாக முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். காலையில் எத்திராஜ், மதியம் நான், மாலையில் மறுபடி அவர். என் முறையில் அவள் எடை அதிகம் ஏறுகிறது என்று நான் சொல்கிறேன்; அவர் முறையில்தான் நன்றாகத் தூங்குகிறாள் என்று அவர் சொல்கிறார். நர்ஸ் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறார். ஒரு கிலோ எண்ணூற்று எழுபது.

இன்று மதியம் என் முறை. அவர் சட்டையைத் திறந்துபோட்டபடியே அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, என் நேரம் எப்போது முடியும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து சக்கர நாற்காலியில் தேன்மொழியைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது.

முகம் காகிதம் போல வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாள். கொக்கி அவிழ்ந்த ஜாக்கெட்டைப் பார்த்தாள். அப்பாவின் திறந்த மார்பைப் பார்த்தாள். தையல் வலிக்கும் என்று வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; பிறகு அதே மூச்சில் அழுதாள்.

"என்ன கோலம் இது, ரெண்டு பேரும்."

"சட்டம் பேசாம சட்டையைக் கழட்டுன்னாங்க, கழட்டிட்டோம்" என்றார் எத்திராஜ்.

துணியை அவிழ்த்து, குழந்தையை எடுத்து, அவள் நெஞ்சின் மேல் நானே வைத்தேன். இடம் மாறியதற்குச் சிணுங்கினாள். தேன்மொழி பேரைச் சொல்லி ஒன்றும் கூப்பிடவில்லை; பெயர் இன்னும் வைக்கவில்லை. "ஏய், நான்தான்" என்றாள். சிணுங்கல் நின்றது. அத்தனை நாள் உள்ளிருந்து கேட்ட குரல் அல்லவா.

என் நெஞ்சில் குழந்தை இருந்த இடம் மட்டும் குளிர்ந்தது. கொக்கிகளைப் போட்டுக்கொண்டேன்.

அம்மா வந்துவிட்டார், தாத்தாவும் ஆயாவும் இனி வீட்டுக்குக் கிளம்பலாம், நன்றாக ஓய்வெடுங்கள் என்றார் நர்ஸ். ஆயா என்று என்னை யாரும் அழைத்ததில்லை. திருத்தவில்லை.

எத்திராஜ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் நாற்காலியைத் தேன்மொழிக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டோம்.